வலது பக்கத்தில் ஒரு கட்டி

என் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஸ்கேல். எவளோ ஒரு புண்ணியவதி ஒன்பதாம் வகுப்பில் வைத்தாள். முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒரே மாதிரி என்பது அதற்கு விளக்கம். பள்ளியை விட்டு, கல்யாணம் ஆகி, பிள்ளையும் பெற்ற பிறகும் பழைய தோழிகள் தெருமுனையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பழகவில்லை.

அவள் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடையின் மாடியில், மூன்று நாற்காலி போட்ட சின்னக் கடை. சாயம் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள், கோபத்தில் தாமே வெட்டிக்கொண்டு அழுதபடி வருகிறவர்கள் எல்லாரையும் எப்படியோ ஒப்பேற்றி அனுப்பிவிடுவாள். அந்த வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். வெட்டுகிறவள் காலையிலிருந்து இருட்டும்வரை கண்ணாடிக்கு நேராக நிற்கவேண்டும். ஊரில் உள்ளவர்களை எல்லாம் அழகாக்கி அனுப்பிக்கொண்டே, வருஷக்கணக்காக அவள் தன்னையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறவள். என் கண்ணாடியில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற லாரிதான் தெரியும், என் மூஞ்சி தெரியாது. அதனால் மார்பைப் பெரிதாக்க ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல உடம்பை எதற்குக் கத்திக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். சிக்னலில் குறுக்கே புகுகிற ஸ்கூட்டர்க்காரர்களிடம் பழகிய வாய் என்னுடையது. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"யாருக்காகவும் இல்லக்கா. எனக்கு வேணும்," என்றாள் கடைசியில்.

ஆபரேஷன் முடிந்ததும் கூட இருந்து பார்த்துக்கொள்ள டிப்போவில் லீவு சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, விஷயம் தெரியும். நீண்ட தூரச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். 'உன் உடம்பு, உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டார். பிரச்சினை மாமியார்தான். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தொழிலாளர் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறார். நல்ல மனுஷி; ஆனால் நாக்கு நீளம். மேல்மாடியில் குடியிருந்த பெண் ஒருத்தி மூக்கைத் திருத்திக்கொண்டு வந்தபோது, 'வேளாவேளைக்குச் சோறு கிடைச்சா கொழுப்பு இப்படித்தான் மூக்கு வழியா வரும்' என்று படியில் நின்றுகொண்டே சொன்னவர். அந்த ஒரு பேச்சு என் தங்கைக்குப் போதுமானதாக இருந்தது. அத்தைக்குத் தெரியக்கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

பேசி வைத்தது, மாப்பிள்ளை வாயைத் திறக்கும்வரை சரியாகத்தான் இருந்தது. அந்த மனுஷருக்குப் பொய் சொல்ல வராது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறாள் என்று அத்தை சாதாரணமாகத்தான் கேட்டார். கர்ப்பப்பையில் சின்னக் கோளாறு என்று சொல்வதாக ஏற்பாடு. இவர் ஒரு முழி முழித்துவிட்டு, மார்பில் சின்னதாக ஒரு கட்டி, எடுக்கவேண்டும் என்று உளறிக் கொட்டினார். எந்தப் பக்கம் என்று அத்தை கேட்டார். வலது பக்கம் என்றார் மாப்பிள்ளை.

அத்தை அதற்குமேல் சாப்பிடவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். அத்தையின் கூடப்பிறந்த அக்கா அப்படி ஒரு கட்டியில்தான் செத்துப்போனார் என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெரியம்மா போகும்போது அவருக்கு நடக்கத் தெரியாத வயசு. பிறகு சரக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லி லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கட்டியோடு மாட்டிக்கொண்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்புமுன் நர்ஸ் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இறுக்கமாக இருக்கும். கையை ஊன்றி எழக்கூடாது; முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கக்கூடாது, தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க வேண்டும். முன்பக்கம் கொக்கி வைத்த இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலும் கழற்றக்கூடாது. தோள்பட்டைக்கு மேல் கை போகக்கூடாது. கனமான எதையும், குழந்தையைக்கூட, தூக்கக்கூடாது. மார்பு முதலில் மேலே ஏறி, வீங்கி, விகாரமாகத் தெரியும். இறங்கி அமைய மாதங்கள் ஆகும், அதற்குள் கண்ணாடியைப் பார்த்து அழவேண்டாம். சில இடம் மரத்துப்போகும், சில இடத்தில் கரண்ட் அடித்தாற்போல் சுரீர் என்று இழுக்கும். உள்ளே தண்ணீர் சலசலப்பது போலச் சத்தம்கூடக் கேட்கலாம். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். காரணமில்லாமல் அழுகை வரும். எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான் என்றாள்.

"இரண்டும் ஒரே மாதிரி ஆறாது, அதுக்குப் பயப்படாதீங்க," என்றாள் கடைசியாக. "ஆனா ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி, கல்லு மாதிரி ஆகி, வலி ஏறிக்கிட்டே போனா யோசிக்காம கொண்டு வந்துடுங்க. காய்ச்சல் அடிச்சாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்."

நான் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

நர்ஸ் சொன்னதெல்லாம் வரிசை மாறாமல் நடந்தது. சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அத்தை. விடுதியில் காலைச் சமையலை மட்டும் முடித்துக்கொடுத்துவிட்டு, மற்ற வேலைக்கு ஆள் சொல்லிவிட்டு, மருமகளின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முன்பு வாய் ஓயாத மனுஷி, இப்போது மூச்சுக் காட்டவில்லை. என் தங்கை கண்ணைத் திறக்கும்போதெல்லாம் எதிரே அத்தையின் முகம் இருக்கும். கஞ்சியை ஊட்டிவிடுவார். நடக்கச் சொன்னார்கள் என்றால் கூடவே நடப்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்பார். இவள் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

பொய்யிலும் ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. இடது பக்கத்தில் சுரீர் என்று இழுத்தாலும் கை வலது பக்கத்துக்குத்தான் போகவேண்டும். முனகினாலும் வலது பக்கம் சாய்ந்து முனகவேண்டும். கட்டி ஒரு பக்கம்தானே, கட்டு எதற்கு இரண்டு பக்கமும் என்று அத்தை ஒருநாள் கேட்டார். ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ளாடை எந்தக் கடையில் விற்கிறார்கள் அத்தை என்று நான் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொளதொளவென்று என்னுடைய பழைய அங்கிகளைப் போட்டு, அதன் மேல் ஒரு சால்வையையும் போர்த்தி வைத்திருந்தேன். புழுக்கத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

இன்னொரு நாள் நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், கொதிக்கிற தண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்து, வலது பக்கத்தில் ஒத்தடம் கொடுக்க அத்தை கொண்டு வந்துவிட்டார். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து போனாலும் தெரியாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் என் தங்கை சால்வையை விலக்கிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து துண்டைப் பிடுங்கினேன். டாக்டர் கூடாது என்றார் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அத்தை என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் அக்காவுக்கும் இப்படித்தான் யாரும் ஒன்றும் செய்யவிடவில்லை என்றார். வெறும் கையோடு அடுப்படிக்குப் போனார். அன்று முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட உயிரை வாங்கியது ரிசல்ட்தான். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்களே, முடிவு எப்போது வரும் என்று அத்தை தினமும் கேட்டார். கேட்கும்போது மருமகளைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். உடனே என் தங்கை கண்ணை அகல விரித்து என்னைப் பார்ப்பாள். பேச்சை மாற்று என்று அர்த்தம். நான் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடுவேன். பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்குட்டி, டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடித்துத் தூங்கியே போன வாத்தியார், பிரேக் பிடிக்காத நாளில் என் கண்டக்டர் கும்பிட்ட கும்பிடு. அத்தை பாதி கேட்பார். கேள்வி மறுநாளைக்குத் தள்ளிப்போகும். சொல்லிவிடலாமடி என்று அவள் காதோடு காதாக நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போது சொன்னால் அத்தை இந்த ஜன்மத்துக்குத் தன் முகத்தில் விழிக்கமாட்டார் என்றாள். அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடாவிட்டாலும் அந்த இடத்தில் வைத்திருந்தது அத்தையைத்தான். அதை இழந்துவிடுவோமோ என்கிற பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. வலியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் வாரம் இப்படி ஓடியது. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. நீலம் பாரித்த இடங்கள் மஞ்சளாக மாறிக் கீழே இறங்கின. அவளே மெல்ல எழுந்து கூடம்வரை நடந்தாள். எனக்குத் தைரியம் வந்தது. அவளுக்கு என்னைவிட அதிகமாக வந்துவிட்டது.

அன்று காலையில் அத்தை விடுதிக்குப் போயிருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள் மகள் பாப்பா இரண்டாம் வகுப்பு; அன்றைக்கு வகுப்பில் குழுவாகப் படம் எடுக்கிற நாள். ஒரு வாரமாக அந்தக் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். என் பின்னலைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஒரு ஜடை காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே இருக்கும். ஊருக்கே தலை சிங்காரிக்கிறவளின் மகள் அந்தக் கோலத்தோடு படத்தில் நிற்பதா? கடையில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கி உயரமான நாற்காலியில் உட்காரவைப்பது அவளுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் பாப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அடுப்படி மேடையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பின்னி முடித்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்தபோது அச்சில் வார்த்தாற்போல் இரண்டு ஜடை. யார் பின்னியது என்று கேட்டேன். இவள் கட்டிலில் சாய்ந்தபடி, உட்கார்ந்துகொண்டே பின்னினேன் என்று பூசி மெழுகினாள். இன்னும் கேட்டால் என் வாயில் என்னவெல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, லீவை நீட்டிக்க டிப்போவுக்குப் போய்த் திரும்பும்போது மத்தியானமாகிவிட்டது. அத்தை வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் தங்கையின் முகம் வெளுத்திருந்தது. எங்கே வலிக்கிறது என்று அத்தை கேட்டார். கை வலது பக்கத்துக்குப் போயிற்று. மாத்திரை கொடுத்தோம்.

பிறகு அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். டிப்போவில் புதிதாக வந்திருக்கிற அதிகாரி, அவர் தலையில் வைத்திருக்கிற டோப்பா, காற்றடித்த நாளில் அதற்கு வந்த கதி. அவள் மறுபடியும் பார்த்தாள். நான் இன்னும் உற்சாகமாகச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தாள்; கதை போதாது போலிருக்கிறது என்று இன்னொன்றை எடுத்துவிட்டேன். ஒரு வாரமாக அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அன்றைக்கு அவள் அதே பார்வையில் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது எனக்கு ஏறவில்லை. அத்தையை வைத்துக்கொண்டு இடது பக்கம் என்று அவளால் வாயைத் திறந்து சொல்லமுடியவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நான் எழுந்துபோனேன்.

எழுந்து உட்காருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அத்தை முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறார். அப்போது அவருடைய விரல் இடது பக்கம் பட்டிருக்கிறது. அடுப்படியில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கத்தல் என்று சொல்லமுடியாது. மூச்சு உள்ளேயே உடைந்தமாதிரி இருந்தது.

நான் ஓடிவந்தபோது சால்வை தரையில் கிடந்தது. அங்கியின் மேலேயே தெரிந்தது. வலதைவிட இடது பக்கம் ஒன்றரை மடங்கு பெருத்து, விம்மி, துணியை முட்டிக்கொண்டு நின்றது. நான் உள்ளங்கையை வைத்தேன். கல். நர்ஸ் சொன்ன அதே கல்.

"இது இந்தப் பக்கம்," என்றார் அத்தை. அவர் குரல் எங்கேயோ இருந்தது. "அந்தப் பக்கமும் வந்துடுச்சு. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் வந்துச்சு."

அத்தை அழவில்லை. பீரோவைத் திறந்து கைப்பையை எடுத்தார், மருமகளின் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டினார், பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்ளும்படி கீழ்வீட்டுக்காரியிடம் போனில் சொன்னார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். ஒருமுறை இதெல்லாம் செய்து பழகிய ஆள் அவர். நாங்கள் இருவரும் அவளை இரண்டு பக்கமும் தாங்கிப் படியிறக்கி என் காரில் ஏற்றினோம். பின் இருக்கையில் அத்தை அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ரவுண்டானாவில் நேராகப் போனால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அது நகரத்தின் அந்தக் கோடி. அத்தையின் அக்கா கடைசியாகப் படுத்திருந்த இடம். ஆபரேஷன் செய்த கிளினிக்குக்குப் போக ரவுண்டானாவிலேயே வேறு சாலையில் திரும்ப வேண்டும். நான் எதுவும் பேசாமல் வண்டியை அந்தப் பக்கம் ஒடித்தேன்.

"பெரியவளே, எங்க போறே? நேரா போ."

ஆபரேஷன் செய்த இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றேன். அவர்கள்தானே சரியாக எடுக்காமல் விட்டார்கள், மறுபடியும் அங்கேயே கொண்டுபோய்ப் போடுவதா என்றார் அத்தை. அங்கே இருக்கிறவர்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்றார். அவருக்குக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வண்டியை நிறுத்து. நான் டாக்ஸி பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். இவளை நான் சாக விடமாட்டேன்."

நடுரோட்டில் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பஸ் ஓட்டுகிற நான், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் அதற்காக. பின்னால் ஹாரன்கள் அலறின. அத்தை கதவைத் திறக்கக் கையை நீட்டினார். கண்ணாடியில் என் தங்கையின் முகம் தெரிந்தது. உதடெல்லாம் வெளுத்திருந்தது. இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

"கட்டி இல்ல அத்தை."

அத்தையின் கை கதவிலேயே நின்றது.

"வலதுலயும் இல்ல, இடதுலயும் இல்ல. கட்டியே இல்ல. பெருசாக்கிக்கிறதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ரெண்டு பக்கமும். இப்போ இந்தப் பக்கம் உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. காலையில பாப்பாவைத் தூக்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "புற்றுநோய் இல்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வண்டியை எடு," என்றார் அத்தை.

கிளினிக்கில் பார்த்தவுடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தூக்கிய வேகத்தில் உள்ளே ஒரு ரத்தக்குழாய் விட்டுப்போய், மார்பைப் பெரிதாக்க வைத்திருந்த சிலிக்கான் பையைச் சுற்றிலும் ரத்தம் சேர்ந்து உறைந்திருந்தது. திறந்து, சுத்தம் செய்து, கசிகிற இடத்தைக் கட்டி, மறுபடியும் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் தோல் தாங்கியிருக்காது என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கேள்வி கேட்டதெல்லாம் அத்தைதான். எவ்வளவு ரத்தம் போயிருக்கும், மயக்கம் கொடுப்பது இரண்டாவது தடவையாயிற்றே இதயம் தாங்குமா, உள்ளே வைத்திருப்பது எதனால் செய்தது, என்றைக்குக் குழந்தையைத் தூக்கலாம் என்று ஒன்றையும் விடாமல் கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாழ்வாரத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாங்கி வந்த டீ அவர் பக்கத்திலேயே ஆறிக் கிடந்தது.

வழியில் எங்கேயோ லாரியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பதறிப்போய்க் கூப்பிட்டார். நான் போனை அத்தையிடம் நீட்டினேன்.

"உயிரோட இருக்கா," என்றார் மகனிடம். "நீ வா. உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

மறுநாள் காலை அவளுக்கு நன்றாக விழிப்பு வந்தது. பழையபடி இரண்டு பக்கமும் கட்டு, பழையபடி தலையணை அடுக்கு. இடது பக்கம் ஒரு சின்னக் குழாய் புதிதாகச் சேர்ந்திருந்தது. அத்தை கிண்ணத்தில் இருந்த கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக ஆற்றி அவள் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்துக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். எல்லாவற்றையும் செய்தார், பேச்சு மட்டும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து திட்டியிருந்தால்கூட அந்த அறையில் அத்தனை பாரமாக இருந்திருக்காது.

என் தங்கைதான் ஆரம்பித்தாள். அவளுக்கு இன்னும் குரல் முழுசாகத் திரும்பவில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

"திட்டியிருப்பேன்," என்றார் அத்தை. "நல்லாத் திட்டியிருப்பேன். தெருவே கேக்கிற மாதிரி திட்டிட்டு, ஆபரேஷன் அன்னைக்குக் கஞ்சி வச்சு எடுத்துட்டு வந்திருப்பேன். மார்பு உன்னோடது. அதுல எனக்கு என்ன வந்துச்சு?"

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உட்காரு பெரியவளே, நீயும் கேட்டுக்கொள் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"எங்க அக்காவுக்கு ரிசல்ட் வந்தப்போ அவளுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. நம்ம பாப்பா வயசுதான். அதுகிட்ட யாரும் சொல்லலை. சொல்லத் தெரியலை. அது வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு, எத்தனை நாளோ." அத்தை தன் கைகளைப் பார்த்தார். தினமும் விடுதிப் பாத்திரங்களில் ஊறிச் சுருங்கிப்போன கைகள். "நம்ம பாப்பாவுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு நினைச்சேன். விடுதியில பாத்திரம் கழுவும்போது பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. தண்ணியைத் திறந்து விட்டுட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அம்மா இனிமே வரமாட்டாங்க கண்ணு, பாட்டி இருக்கேன்னு. சொல்லும்போதே குரல் உடைஞ்சுடும். உடைஞ்சா குழந்தை பயந்துடும் இல்லையா. அதனால திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், தினமும் காலையில."

என் தங்கை கையை நீட்டி அத்தையின் புடவை நுனியைப் பிடித்தாள்.

"நேத்துக் காலையிலதான் உடையாம வந்துச்சு," என்றார் அத்தை.

அவளுக்கு அழுகை பீறிட்டது. நெஞ்சு குலுங்கியதில் வலியும் சேர்ந்துகொள்ள, இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழாதே, தையல் இழுக்கும் என்று அத்தை அதட்டினார். குரலில் கோபம் துளிக்கூடக் குறையவில்லை. எழுந்து வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, அவள் அழுது முடிக்கும்வரை தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.